கடைசியில் ஓடும் பெயர்கள்

— நம்ம கேமை இன்னும் விளையாடிப் பார்க்கலையா நீ?

— நேரம் எங்கண்ணா? பாப்பாவுக்கு நேத்துதான் கால் கட்டைப் பிரிச்சாங்க.

— நல்லதாப் போச்சு... அதாவது, கட்டு பிரிச்சதைச் சொன்னேன்.

— உளறாதீங்க. காபி ஆறுது. கேம் எப்படிப் போகுதாம்?

— சக்கைப்போடு! அதுலயும் சுடற சுகத்தைத்தான் எல்லாரும் சொல்றாங்க. 'என் கைக்கு என்னமா குறி வருது பாரு'ன்னு அவனவன் மீசையை முறுக்குறான்.

— முறுக்கட்டும். கன்ட்ரோலர்ல கட்டைவிரலை வெச்சுக்கிட்டு எவனுக்குக் குறி வரும்? துப்பாக்கி முனை எதிரி பக்கத்துல போனதும் நாமதான் அதை லேசாப் பிடிச்சு நிறுத்துறோம்னு தெரிஞ்சா அழுதுடுவானுங்க.

— அதுக்காக நீ எட்டு மாசம்...

— பதினொண்ணு.

— பதினொண்ணு. விரல் வீங்கி, ஸ்பூன் பிடிக்க முடியாம உட்கார்ந்திருப்பியே...

— சரி, நீங்க ஏன் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருக்கீங்க?

— ஒண்ணுமில்ல... கேமோட கடைசில, வேலை செஞ்சவங்க பேரெல்லாம் ஓடும்ல...

— ஆஸ்பத்திரியில ஒவ்வொரு ஊசிக்கும் அதைச் சொல்லித்தான் பாப்பாவை ஏமாத்தினேன். 'அழாதே, டிவியில அம்மா பேரு வரும்'னு.

— வராதும்மா.

— ஏன் வராது?

— வெளியாகுற அன்னைக்கு வேலையில இருக்கிறவங்க பேருதான் வரும். ஆபீஸ் வழக்கம். நீ அஞ்சு வாரம் முந்திப் போயிட்ட.

— ஆபரேஷனுக்குப் பிள்ளையைத் தனியா அனுப்பிட்டு நான் வந்து உட்கார்ந்திருக்கணுமா?

— நானும் சொல்லிப் பார்த்தேன்...

— சொன்னீங்களா?

— காபி... ஆறிடுச்சும்மா.

— அண்ணா?

— இல்ல. வாயே திறக்கலை.

— முதலாளி வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட நன்றி போட்டிருப்பாங்களே!

— போட்டிருக்கு.

— அப்ப குறி வைக்கிற வேலைக்கு மட்டும் யார் பேரு?

— 'இதைச் செஞ்சது யாரு?'ன்னு கூட்டத்துல கேட்டாங்கம்மா. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நான்... தலையாட்டிட்டேன். என் பேரைப் போட்டுட்டாங்க. வெட்கமா இருக்கு. நீ பார்க்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னுதான் ஓடி வந்தேன்.

— கேம் வெளியான அன்னைக்கே விளையாடி முடிச்சிட்டோம்ணா. பாப்பா ஒவ்வொரு பேரா எழுத்துக்கூட்டி வாசிச்சா. உங்க பேரு வந்ததும், 'அம்மா, நம்ம மாமா!'ன்னு கை தட்டினா. நானும் சேர்ந்து தட்டினேன்.