தண்ணி குடிக்காத மிஷின்

— இந்தா, மறுபடியும் முனகுது. முனகுதே ஒழிய ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்கலையே, முருகு.

— பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காதீங்கக்கா. அமுக்க அமுக்க வந்துருமா?

— நேத்து சார் இந்தப் பாத்திரம் கழுவுற மிஷினை ஓட்டிக் காட்டுறப்ப தண்ணி சொய்ங்னு ஏறுச்சு. இன்னைக்கு நம்ம மொகத்தைக் கண்டதும் ரோசம் வந்துருச்சு போல. எங்கத்தைய அடக்கம் பண்ணிட்டு வந்த அலுப்பே இன்னும் ஒடம்ப விட்டுப் போகல, இதுல இந்தச் சோலி வேற. நீயும் அன்னைக்கு வரல.

— காச்சல்க்கா. எந்திரிக்கவே முடியல. சொன்னேன்ல?

— சொன்ன, சொன்ன. வந்திருந்தா எனக்கு ஒரு தெம்பா இருந்திருக்கும்னுதான். சரி, இதுக்கு என்ன வைத்தியம்?

— மொதல்ல கதவு நல்லாச் சாத்தியிருக்கா பாருங்க. டக்குனு கேக்கணும்.

— கேட்டுச்சு. தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

— அப்ப தொறந்து, அடித்தட்டுல பாருங்க. கிண்ணத்தைக் கவுத்த மாதிரி ஒண்ணு இருக்கும். மிதவை. அதுல சோத்துப் பருக்கை சிக்கிருச்சுன்னா, தண்ணி ரொம்பிருச்சுன்னு மிஷினு நெனச்சுக்கிட்டு வாயை மூடிக்கும். தூக்கித் தூக்கி விடுங்க.

— ஏறி எறங்குது. ஒண்ணும் சிக்கல. ஆமா, மிதவைங்குற, மூடிக்கும்ங்குற. இதெல்லாம் எங்க படிச்ச நீ?

— போன்லதான்க்கா. வீடியோ கெடக்கு.

— நம்ம பேசுனது என்ன முருகு? இனிமே பாத்திரத்துக்கு ஒரு ஆளு போதும், மிஷினை ஓட்ட யாருக்கு வருதோ அவங்க இருக்கட்டும்னு சார் சொன்னன்னைக்கு, பின்னாடி பேரிக்கா மரத்துக்கிட்ட என் கையில அடிச்சுச் சொன்ன. ஒருத்திக்குத் தெரியாம இன்னொருத்தி கத்துக்கக் கூடாது, இருந்தா ரெண்டு பேரும், போனா ரெண்டு பேரும்னு.

— வீடியோ பாத்ததுக்கா இம்புட்டுப் பேச்சு?

— பேச்சு இல்ல. கேட்டேன். இன்னைக்கு வேற எனக்கு முன்னாடியே வந்துட்ட. நான் வாறப்பவே அடுப்படியில லைட்டு எரிஞ்சுச்சு.

— வடகவுஞ்சிலருந்து ஜீப்பு கெடைச்சுச்சு, வெள்ளனே வந்தேன். எங்கிட்டயும் ஒரு சாவி இருக்குல்ல, தொறந்தேன். அதுவும் குத்தமா?

— குத்தம்னு ஆரு சொன்னா? தோட்டத்துல போட்ட பூண்டு பூராம் அழுகி, உம் புருசன் திருப்பூருக்குப் போனவன் போனவனாவே இருக்க, சுபஸ்ரீய இடுப்புல வச்சுக்கிட்டு நீ பஸ்ஸ்டாண்டுல நின்னப்ப, உன்னை இந்த ஓட்டல் அடுப்படிக்குக் கூட்டியாந்தவ நானு. உனக்குப் போய்க் குத்தம் சொல்லுவனா?

— அதையே எத்தன தடவக்கா சொல்லுவீங்க.

— சரி, இனிமே சொல்லல. தண்ணி வர்ற அந்த ஓஸு எங்கயாவது மடங்கியிருக்கும். வா, மிஷினை முன்னால இழுப்போம்.

— வேணாம்க்கா. சார் வரட்டும். சார் கண்ணு முன்னாடி இழுப்போம். நம்மளா கழட்டி எதாச்சும் ஒடஞ்சா நம்ம தலையிலதான் விழும்.

— அதுவும் சரிதான். இந்தா, செருப்புச் சத்தம் கேக்குது, வாறாரு.

— என்ன தெரசா, இன்னும் ஸ்டார்ட் ஆகலையா? டூரிஸ்ட் பஸ் பெருமாள்மலை தாண்டிருச்சு. காலைத் தட்டே இன்னும் மலையாட்டம் கெடக்கு!

— தட்டை நாங்க கையிலயே கழுவிப் போட்டுருவோம் சார். வெரசா முடிஞ்சுரும்.

— கையில கழுவுறதுக்கா ஜெர்மன் மெஷின் வாங்கி வச்சேன்?

— ஜெர்மன்காரன் நம்ம சாம்பார் அண்டாவக் கண்டிருக்க மாட்டான் சார். மிஷினு பயந்து போயி வாயைத் தொறக்க மாட்டேங்குது.

— ஜோக்கெல்லாம் அப்புறம். டேங்க்ல தண்ணி இருக்கா?

— இருக்கு சார். தொட்டிப் பைப்பைத் தொறந்தா கொட்டுது. கை வெறைச்சுப் போகுது.

— சார், நான் சொல்றேன். கதவு, மிதவை ரெண்டும் சரியா இருக்கு. தண்ணி வர்ற வழியிலதான் அடைப்பு. பின்னாடி பாக்கணும். நீங்க வரட்டும்னுதான் கை வைக்காம இருந்தேன்.

— வெரி குட் முருகேஸ்வரி. இழு. மெதுவா, மெதுவா. தெரசா, நீ அந்தப் பக்கம் பிடி.

— புடிச்சுட்டேன் சார். ஓஸு மடங்கல. நேராத்தான் கெடக்கு.

— செவுத்து வால்வும் தொறந்துதான் இருக்கு சார். அதை அடைச்சிட்டு, ஓஸை மிஷின்லருந்து கழட்டி வாளியில விடுறேன் பாருங்க. அக்கா, வாளி.

— இந்தா. ஏ முருகு, இடுப்புலயே குறடு சொருகி வச்சிருக்க! வீட்டுலருந்து கெளம்புறப்பவே எடுத்துக்கிட்டியா?

— வால்வைத் தொறங்க சார்.

— ஓ! என்ன போர்சு! முகமெல்லாம் அடிச்சிருச்சு. அப்ப ஓஸ்ல ப்ராப்ளம் இல்ல.

— இல்ல சார். மூடிருங்க. மிஷினு வாயில சின்னதா ஒரு வலை இருக்கும், மண்ணு உள்ள போகாம இருக்க. அதுலதான் இருக்கணும். சார், டார்ச்சை இங்கிட்டு அடிங்க. இருங்க, வருது.

— என்னது அது? எலியா?

— துணி சார். சுருட்டித் திணிச்சிருக்கு.

— துணியா? அதுக்குள்ள துணி எப்படிப் போகும்? குடு இங்க. இது தானா போனதில்ல. வேணும்னே எவளோ திணிச்சிருக்கா!

— நேத்து ராத்திரி கடைசியா அடுப்படியப் பூட்டுனது அக்காதான் சார்.

— முருகு! என்ன பேசுற நீ?

— நடந்ததைத்தான் சொல்றேன். சார், உங்களுக்கே தெரியும், எல்லாப் பைப்பு வாயிலயும் துணி கட்டுறது அக்காவோட பழக்கம்.

— அது மழைக்காலத்துல மலைத்தண்ணி செம்மண்ணாட்டம் வரும், அதுக்காக வெளிய கட்டுறது! பழைய வேட்டித் துணிய, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவுத்து அலசிக் கட்டுறேன். வாய்க்குள்ள திணிப்பேனா? மாதாமேல ஆணையா நான் அந்த மிஷினு முதுகுப் பக்கம் போனதே இல்ல சார்.

— வெய்ட். இந்தக் கலரை நான் பாத்திருக்கேன். வாழைப்பூக் கலரு, மஞ்சப் பொட்டு. இது மேடம் கிறிஸ்மஸுக்கு எடுத்துக் குடுத்த சேலையில்ல?

— அதே சீலதான் சார். எனக்கும் அக்காவுக்கும் ஒரே மாதிரி குடுத்தாங்க. என்னுது பீரோவுல மடிப்புக் கலையாமக் கெடக்கு. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்தப்பக்கூட நான் கட்டல. அக்கா, உங்களுதை நீங்க கட்டி நான் ஒரு நாளும் பாத்ததில்லையே. எங்க அது?

— நீயா என்னைக் கேக்குற?

— எனக்கென்ன, சந்தோசமா? மிஷினு கெட்டுப் போனா சார் திருப்பி அனுப்பிருவாரு, நம்ம பொழப்பு தப்பிச்சிரும்னு நெனச்சுப் பண்ணிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

— மூஞ்சிய என் பக்கம் திருப்பிப் பேசு முருகு. மிஷினைப் பாத்துப் பேசாத.

— நான் ஓஸை மாட்டணும். எனக்கு வேல கெடக்கு. சார், வால்வைத் தொறந்துட்டுப் பட்டனை அமுக்குங்க.

— ஏறுது. கேக்குதா? சூப்பர். அப்ப மெஷின்ல ஒரு குறையும் இல்ல.

— ஏறட்டும். நல்லா ஏறட்டும்.

— தெரசா, உன்னை நான் வேலைக்காரியாவே நெனச்சதில்ல. எங்க அம்மா படுக்கையில கெடந்தப்ப நீதான் பாத்த. அந்த மரியாதைக்குத்தான் உன்னை வெளிய அனுப்ப மனசு வராம இழுத்துக்கிட்டிருந்தேன். நீ என் முதுகுல குத்திட்ட.

— குத்துனது நான் இல்ல சார்.

— கையில துணி இருக்கு! இன்னும் என்ன ப்ரூஃப் வேணும்? சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு. முருகேஸ்வரி பாத்துக்குவா.

— தாறேன் சார். முந்தானை முடிச்சை அவுத்துத்தானே எடுக்கணும். முருகு, உனக்குப் புள்ள இருக்கு. நீ வாயத் தொறந்து, அக்கா, எனக்கு வேற வழியில்ல, நீங்க விட்டுக் குடுங்கன்னு கேட்டிருந்தா, நானே சார்கிட்டச் சொல்லிட்டு ஏதாச்சும் தோட்டத்துக்குப் பூண்டு உரிக்கப் போயிருப்பேன். கேட்டிருக்கலாம்ல?

— நான் எதுக்குக் கேக்கணும்? தப்பு செஞ்சது நானா?

— இந்தாங்க சார், சாவி. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. எங்கத்தையோட அடக்கத்துக்கு முருகு வரல, காச்சலுன்னுட்டா. ஆனா நீங்க வந்தீங்க. பெட்டிய மூடுறதுக்கு முன்னால கிட்ட நின்னு மாலை போட்டீங்களே, நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க சார், எங்கத்த என்ன சீல கட்டிப் படுத்திருந்துச்சு?