ஞாயித்துக்கெழம மட்டும் நின்னு போற சோலார்

டோரீன்தான் தம்பி எனக்கு மொதல்ல சொன்னா, போன தவக்காலத்துல, சிலுவைப்பாதை முடிஞ்சு படி எறங்கையில. நம்ம கோயில் கூரையில போட்ட சோலார ஞாயித்துக்கெழம மட்டும் யாரோ நிப்பாட்டுறாங்க அக்கான்னு.

நீங்க இன்வெர்ட்டர் பெட்டியத் தொறங்க. நான் இப்படியே நின்னு பாக்குறேன். சோலார் கம்பெனியிலருந்து வந்த ஆளு நீங்க புதுசு பாருங்க, தப்பா நெனைக்காதீங்க.

அன்னையிலருந்து நானும் கவனிச்சேன். செபப் புத்தகத்துக்குப் பின்னால எழுதியிருக்கேன். ஞாயிறு பதினொன்றரை, செவப்பு லைட்டு. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். பௌர்ணமி லீவு, போயா அன்னைக்கும். மத்த நாள்ல பச்சையா எரியுது. மிசின் கெழம பாத்தா கெடும்?

பூசை முடிஞ்சா கோயில்ல யாரு இருப்பா? கூட்டித் தொடைக்கிற நாகலெட்சுமி ஒருத்திதான். சாவியும் அவகிட்ட. கோயில்ல நீங்க சோலார் போட்டதுலருந்து எங்க லயத்து வீடுகள்ல பல்பு பல்பா கருகுதுன்னு மொகத்துக்கு நேராவே கேட்டவ. விபூதி பூசுற பொம்பளைக்கு மாதா கோயில் சாவி எதுக்குன்னு டோரீன் வேற.

என்ன தம்பி? நின்ன நேரமெல்லாம் பெட்டிக்குள்ளயே பதிஞ்சிருக்கா? ஏன் நின்னுச்சுன்னுமா?

இருங்க இருங்க, மெதுவா சொல்லுங்க. ஞாயித்துக்கெழம தேயிலை அரைக்கிற ஸ்டோரு, அந்த ஃபாக்டரி ஓடாது, சரி. மோட்டரு ஓடாட்டி நம்ம கூரையில இருந்து போற கரண்ட எடுக்க ஆளில்ல. கம்பியில வோல்ட் ஏறுது. ரொம்ப ஏறுனா பெட்டி தானாக் கழண்டுக்கும். போயாவுக்கும் ஸ்டோரு மூடித்தானே...

யாரும் தொடாமயா?

கம்பெனியக் காப்பாத்தச் சொல்லலயே? வர்ற வழியில நாகலெட்சுமிகிட்ட பேசினீங்களா? இல்லயா? அவளத் தெரியவே தெரியாதா?

அப்ப அவ லயத்துல பல்பு கருகுனதும் அந்த வோல்ட்டாலதானா. மாதாவே.

இருங்க தம்பி. அந்தப் பெட்டிய இன்னும் மூடாதீங்க.

கடைசி அஞ்சு ஞாயிறும் காட்டுதா அதுல? காட்டும். எனக்குத் தெரியும் தம்பி. நான்தான் ஃபாதர்கிட்ட போய் அவளப் பத்திச் சொன்னேன். வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. அஞ்சு ஞாயிறா சாவி என் கையிலதான். நான்தான் கூட்டுறேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே பெட்டி நின்னுச்சு. யாருகிட்டயும் மூச்சு விடல.

இப்ப ரோட்டுல என்னயக் கண்டா, அவ புள்ளைங்க கையப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிடுறா.

கீழ இருக்குற பணிய லயத்துல மூணாவது காம்பராதான் அவ வீடு, தூரமில்ல. வேல முடிஞ்சதும் என்கூட வந்து, இதையே அவளுக்கு வெளங்குற மாதிரி ஒருக்காச் சொல்லிருங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.