ஏழு பி-யில் சாடிய கரடி

– இந்த லெட்டர்ல நான் ஒப்பு போட மாட்டேன் ஜெயபாய் டீச்சர். நீங்க ஹெச்.எம்.மா இருந்தாலும் செரி. சிஜோ எனக்க பி.டி. பீரியடுல கிரவுண்டுல ஓடும்போ விழுந்தான்னு எழுதி வச்சிருக்கிய. பயல் விழுந்தது ஏழு பி கிளாஸ்ல, டிவிக்கு முன்னால.

– டிவி இல்ல ததேயுஸ் சார். ஸ்மார்ட் போர்டு.

– கொள்ளாம். பயலுக்க கை ரெண்டா ஒடிஞ்சாச்சு, இனி போர்டுக்க பேருதான் குறை.

– அதாவது சார், அது பிரெயின் பிரேக். நாப்பது நிமிஷம் கணக்கு போட்டா பிள்ளைங்க மூளை சோர்ந்துரும். ஆன்லைன்ல மூணு நிமிஷம் ஒரு ஜாலி வீடியோ போட்டா, கூட ஆடிட்டு ஃபிரெஷ்ஷா உக்காரும். பெரிய ஸ்கூல்ல எல்லாம் இப்ப இதுதான்.

– ஃபிரெஷ்ஷா உக்காந்துச்சா? நீங்க அன்னைக்கு நாகர்கோவில் மீட்டிங்ல. நான் வராந்தாவுல நின்னு பாத்தேன். பனியன் போட்ட ஒரு கரடி போர்டுல குதிச்சுச் சாடுது. அதைப் பாத்து ஐம்பத்திரண்டு பிள்ளைய, ரெண்டு பெஞ்சுக்கு இடையில உள்ள ஒரு முழத்துல கிடந்து சாடுது. கரடி பாறைக்க மேல ஏறிச்சு. இதுவளும் பெஞ்சுக்க மேல ஏறிச்சு. கரடி ஒத்தக் காலைத் தூக்கிச்சு. அந்த நேரம் பாத்து நெட்டு நின்னு போச்சு.

– நெட்டுக்கு நான் என்ன செய்ய?

– இருங்க, இன்னும் கதை முடியல. கரடி ஒத்தக் கால்ல அப்படியே நிக்கு. பிள்ளையளும் நிக்கு. சபிதா டீச்சர் பிரம்பை எடுத்துக்கிட்டு, லோடிங் ஆகுது, யாரும் காலைக் கீழ வைக்கப்பிடாதுன்னு சொல்லிட்டு நிக்கு. பெஞ்சுக்க மேல ஒத்தக் கால்ல சிஜோ எத்தனை நேரம் நிப்பான்?

– சபிதா புதுசு சார். டிசிப்ளின் போயிரக் கூடாதுன்னு...

– உற்சாகத்துக்குப் பிரம்பு! கொள்ளாம் டீச்சர், ரொம்பக் கொள்ளாம்.

– உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. இந்த வீடியோவுக்கு மேனேஜ்மென்ட்ல மல்லுக்கட்டி சம்மதம் வாங்கினது நான். கிளாஸ்ல விழுந்தான்னு போனா என் வேலை போயிரும்.

– அதுக்கு எனக்க தலையில வைக்கியளா? வாத்தியான் எங்க வாய் பாத்துட்டு நின்னான்னு ஊரு கேக்கும். ஜூன்ல நீங்க வந்த அன்னையில இருந்து எனக்குப் பீரியடே கிடையாது. எல்லாத்தையும் கணக்குக்கு எடுத்தாச்சு.

– டைம்டேபிள்ல இருக்கே.

– பிள்ளைய டைம்டேபிளுக்க மேலயா ஓடும்?

– சிஜோ விழுந்த வியாழக்கிழமை மூணாவது பீரியட் பி.டி. எடுத்ததா ரெஜிஸ்டர்ல உங்க ஒப்பு இருக்கு. எங்க இருந்தீங்க சார்?

– உங்க ஆபீஸ் வராந்தாவுல. அட்மிஷன் நோட்டீஸ் மடக்கிட்டு. நீங்கதானே மடக்கச் சொன்னிய.

– அதாவது, பி.டி.யே நடக்கலன்னு நீங்க சொன்னா, பின்ன ஒரு பி.டி. சார் எதுக்குன்னு மேனேஜ்மென்ட் கேக்கும். பதினோரு வருஷ வேலை. யோசிங்க.

– கழுத்துல கத்திய வச்சாச்சு. செரி, பயல் வீட்டுல சொல்ல மாட்டானா? மத்த ஐம்பத்தோரு பிள்ளையளும் சொல்லாதா?

– பிள்ளைங்க ஆயிரம் சொல்லும். சீல் வச்ச லெட்டர்தான் நிக்கும். நான் கூட சைன் போட்டாச்சு, பாருங்க.

– வெக்கமா இருக்கு டீச்சர். மூணு நிமிஷம் அதுவள வெளிய தொறந்து விட்டா போதும். தானா ஓடும், தானா கத்தும், தானா திரும்பி வரும். கரடியும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

– வெளிய எங்க விடுறது? கிரவுண்டு நிறைய பிள்ளைங்கள ஏத்திட்டு வர்ற கான்ட்ராக்ட் வேன் நிக்குதே.

– அந்தக் கிரவுண்டுலதான் சிஜோ ஓடினானாக்கும்?

– நேர்ல வந்து யாரு பாக்கப் போறா? அவன் அம்மா ஷீஜா நேத்து வந்து அழுதுட்டுப் போச்சு. அப்பாவுக்கு எழுத்துல பதில் வேணுமாம். அவரு யாரு, என்னன்னு எனக்குத் தெரியாது, ஒரு மீட்டிங்குக்கும் வந்ததில்ல. லெட்டரைப் போட்டோ எடுத்து அவரு நம்பருக்கு அனுப்பியாச்சு. பாத்தும் ஆச்சு, நீல டிக் விழுந்துருச்சு. இனி ஆபீஸ் காப்பியில நீங்க ஒப்பு போட்டா முடிஞ்சுது. இந்தாங்க பேனா.

– பேனாவை வைங்க டீச்சர். அவனுக்க அப்பன் மூணாம் நம்பர் வேன் டிரைவர் பெனிட்டோ. காலையில பிள்ளையள எறக்கி விட்டா, சாயங்காலம் பெல் அடிக்கது வரைக்கும் அந்தக் கிரவுண்டுக்க நடுவுல வண்டிக்குள்ளதான் கிடக்கான்.