மொட்டுக்குக் காவல்

— சத்தம் போடாதையும், குணம். கள்ளன் வாற நேரம்.

— அட சிவனே! விடிய அஞ்சரை மணிக்கு எங்கடை சுகிர்தம் ரீச்சர் கதிரை போட்டு முத்தத்திலை இருக்கிறா எண்டு பாத்தால், காவலோ? இந்த நீர்வேலியிலை வாழைக்குலைக்குக் காவல் இருந்த ஆக்களைக் கண்டிருக்கிறன். பூவில்லாத பத்தைக்குக் காவல் இருக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்.

— சிரியும், சிரியும். நாளையிண்டைக்கு மேசன் இந்தப் பத்தையைக் கிண்ட அலவாங்கோடை வந்து நிக்கேக்கை நீரும் என்னோடை சேர்ந்துதான் அழவேணும்.

— அருள்நேசன் தம்பி உண்மையாய்த்தான் சொன்னவரோ? தாயை வெருட்டச் சொன்னதெண்டெல்லோ நான் நினைச்சன்.

— மூண்டு கிழமைக்கு முன்னமே தெளிவாய்ச் சொல்லிப்போட்டான். “அம்மா, ஒரு வருசமாய் ஒரு பூவும் பூக்காத பத்தைக்கு முத்தத்திலை என்னத்துக்கு இடம்? சனிக்கிழமை நான் கொழும்பாலை வரேக்கை ஒரு பூவெண்டாலும் நிண்டால் விட்டுவிடுறன். இல்லாட்டிக் கிண்டிப்போட்டுக் கார் விடக் கல்லுப் பதிக்கிறதுதான்” எண்டவன். மேசனுக்கும் சொல்லியாச்சு.

— சேர்ச் ஆக்களோடை நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் போன நீங்கள் லீக்சும் கரட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பூத்தால் வண்ணத்திப்பூச்சி வருமெண்டு இந்தக் குளிர்காரிப் பத்தையை மடியிலை வைச்சுக் கொண்டுவந்தியள்.

— கொண்டுவந்தது என்ரை பிழை. வைத்தியம் பார்த்தது நீர். அதை மறக்கக் கூடாது.

— நான் என்ன பிழையாய்ச் சொன்னனான்?

— கிணத்தடித் தண்ணி ஓடுற வாய்க்காலிலை நடச் சொன்னது ஆர்? வாழை வளர்க்கிற வீட்டு ஆக்களுக்கு எல்லாம் வாழையாய்த்தான் தெரியும். வேர் ஊறி, இலை மஞ்சளாகிக் கொட்டுண்டது.

— சரி. பிறகு மேட்டிலை மாத்தி நடுவிச்சதும் நான்தானே?

— நடுவிச்சுப்போட்டு ரெண்டு கடகம் ஆட்டெருவையும் கொட்டிவிட்டனீர். இலை என்ரை கை அகலத்துக்கு வந்தது. பூ மட்டும் வரேல்லை.

— கொழுத்துப்போச்சு. பிறகு பூக்க மனம் வருமோ? உங்கடை வகுப்பிலையும் அப்பிடிப் பிள்ளையள் இருந்திருப்பினமே, ரீச்சர்.

— இருந்தவை. அவையின்ரை தாய்மாரும் உம்மைப்போலத்தான், பக்கத்திலை நிண்டு ஊட்டி ஊட்டிக் கெடுத்தவை.

— முருங்கை நிழல் விழுகுதெண்டு கொப்பு வெட்டிவிட்டது ஆர்? இலைக்குக் கீழை பொடிச் சிலந்தி வலை கட்டினபோது தண்ணியை விசிறி அடிச்சுக் கழுவினது ஆர்? எங்கடை மனுசன் புகையிலைத் தண்ணி தெளிக்க வெளிக்கிட, மறிச்சது ஆர்? அதையெல்லாம் விட்டுப்போட்டுக் குற்றத்தை மட்டும் எண்ணுங்கோ.

— புகையிலைத் தண்ணியை மறிச்சதுக்கு உமக்கு ஆயுசுக்கும் நன்றி. புழுவைக் கொண்டுபோட்டு வண்ணத்திப்பூச்சிக்கு நான் எங்கை போறது? கடைசியாய்க் கவ்வாத்து எண்டு சொல்லி இடுப்பளவுக்கு வெட்டுவிச்சனீர். வெட்டேக்கை உம்மைத் திட்டினனான். ஆனால் அதுதான் சரியான மருந்து, குணம். ஒரு மாதத்திலை புதுக் கொப்பு, நுனியெல்லாம் மொட்டு.

— பாத்தியளே! இனியெண்டாலும் டொக்டர் எண்டு கூப்பிடுங்கோ. பிறகு ஏனாம் பூக்கேல்லை?

— அதுக்குத்தான் இந்தக் காவல். பின்னேரம் விரியிற பருவத்திலை மொட்டு இருக்கும். விடிய வந்து பார்த்தால் இருக்காது. மூண்டு கிழமையாய் இதுதான் கூத்து.

— அணிலாயிருக்கும். இல்லாட்டி நத்தை. எங்கடை கத்தரியையும் அதுதான் அரிக்குது.

— நத்தையெண்டு சாம்பல் தூவினன். அணிலெண்டு மணி கட்டினன். பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தன். இந்தா, ரோச் லைற்றைப் பிடியும். நேற்று மொட்டிருந்த காம்பு இது. பல்லுப் பட்டிருக்குதோ?

— இல்லை... நகத்தாலை கிள்ளினமாதிரி எல்லோ கிடக்குது!

— ஓம். நகத்தாலை கிள்ளுற அணில். கால் வேறை நல்ல பெரிய கால். நேற்று விடிய, கூட்டின மண்ணிலை உங்கடை வேலியிலை ஆள் நுழையிற பொட்டிலையிருந்து பத்தை மட்டும் அடி பதிஞ்சு கிடந்தது. செருப்பும் இல்லை.

— ரீச்சர்! என்னைச் சந்தேகப்படுறியளோ?

— உம்மை ஏன்? ஆறு மணிக்கு முன்னம் உமக்குக் கண் திறக்காதெண்டு ஊருக்கே தெரியும். இண்டைக்கு எழும்பினதே அதிசயம்.

— பொறுங்கோ, பொறுங்கோ. எங்கடை வீட்டுப் பூத்தட்டத்திலை கத்தரிப்பூ நிறத்திலை பொடியாய் என்னமோ கிடந்தது. மனுசன் கோயில் வீதியிலை பறிச்சதெண்டு நினைச்சன். ஐயோ, என்ரை மானம் போச்சு!

— வாயை மூடும். பொட்டுக்குள்ளாலை ஆள் வருகுது. தோளிலை துவாய், கையிலை பூக்கூடை.

— இஞ்சாருங்கோ! அந்தக் கையை எடுங்கோ!

— ஆ! குணலட்சுமி, நீ இஞ்சை என்ன செய்யிறாய்? ரீச்சரும் நிக்கிறா... குட் மோர்னிங், ரீச்சர்.

— குட் மோர்னிங், ஏரம்பு அண்ணை. பூப்பறிக்க வந்தியளோ?

— சத்தியமாய்ப் பூவிலை ஒரு நாளும் கை வைக்கேல்லை, ரீச்சர். மொட்டு மட்டும்தான். பூச்சி வாய் வைக்காததுதான் பிள்ளையாருக்குச் செல்லும்.

— பூச்சி வாய் வைக்கவேணும் எண்டுதானே, அண்ணை, நான் இதை நட்டனான்!

— மொட்டைக் கிள்ளினால் பூ எங்கையிருந்து வரும்? இவ்வளவு காலம் தோட்டம் செய்த மனுசனுக்கு இது தெரியாதோ?

— வாழைக்குப் பொத்திப் பூவை ஒடிச்சால்தானே குலை திரளுது? இதுவும் அப்பிடிக் கிள்ளக் கிள்ள வருமெண்டு நினைச்சன்.

— இஞ்சாருங்கோ, எங்கடை வேலி முழுக்கச் செவ்வரத்தம்பூ. அது உங்கடை பிள்ளையாருக்குக் காணாதோ?

— இது நேர்த்திக்கடன். இருபத்தொரு நாளும் இந்தப் பத்தையின்ரை மொட்டுத்தான் வைக்கவேணும், வேறை செல்லாது. நாளையோடை முடியுது.

— அண்ணை, நான் வேதக்காரிதான். எண்டாலும் ஒருதரின்ரை நேர்த்தியை மறிக்கிற ஆளில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— கேட்டால் ஏனெண்டு சொல்லவேணும், ரீச்சர். வெளியிலை சொன்ன நேர்த்தி பலிக்காது.

— முழங்கால் நோவுக்கோ? இல்லாட்டி மருமகளுக்குப் பிள்ளை கேட்டோ? வாயைத் திறந்து சொல்லுங்கோ! சனிக்கிழமை இந்த முத்தம் முழுக்கக் கல்லாகப்போகுது, இவருக்கு நேர்த்தியாம்!

— அதுக்குத்தானேயப்பா நேந்தனான். மேசன் வரமுன்னம் ரீச்சரின்ரை பத்தை பூக்கவேணும் எண்டு.