தேசம்மா கம்பம்

அப்போ இந்த ரோடு கெடையாது, இந்த அடுக்குமாடி கெடையாது. பூந்துறைக்குப்பம்னா இருபது குடிசை, நடுவுல ஒரு மணல்மேடு, மேட்டு மேல ஒத்தப் பனை. அவ்ளோதான். அந்தக் காலத்துல இங்க தேசம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். பெரிய வாய்க்காரின்னு சொல்லுவாங்க. அவ மீன் கூடைய எறக்குனா பேரம் பேச ஆளு யோசிக்குமாம். புருசன் கோதண்டன் அதுக்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பதில் வரும்.

அந்த ஒரு வார்த்தையும் கடலைப் பத்தி வராது. அப்போ ஆம்பளைங்களுக்குள்ள ஒரு கட்டு இருந்திச்சாம். கரையில எதை அடையாளமா வெச்சு வழி புடிக்கிறோம்னு பொம்பளைங்க கிட்ட சொல்லக் கூடாது. சொன்னா வலையில மீன் படாதாம். கொழுப்பைப் பாருங்க. புடிச்சாந்த மீனைத் தலையில சொமந்து விக்கிறவ அவ. அவன் எந்த வழியா வூட்டுக்கு வரான்றது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

ஒரு வருசம் பட்டணத்து ஆளு ஒருத்தர் மணல்மேட்டை வாங்கி மனை பிரிக்க வந்தாராம். பனை குறுக்க நிக்குது, வெட்டணும்னாரு. தேசம்மா குடிசை மேட்டுக்குக் கீழதான். கூரை ரெண்டு மழையா ஒழுகிகினு கெடக்குது.

"ஐயா, வெட்டுற மரத்தை எனக்குத் தருவீங்களா? கூரைக்குச் சட்டம் ஆவும்."

"எடுத்துக்கம்மா. எனக்கு எடம் காலியானா போதும்."

அன்னிக்கு கோதண்டன் விடியக்காலமே கட்டுமரம் தள்ளிட்டுப் போயிட்டான். திரும்பி வந்து வாசல்ல பனஞ்சட்டம் அடுக்கியிருக்கிறதைப் பார்த்தா இன்னிக்காவது ரெண்டு வார்த்தை பேசுவான்னு அவளுக்கு ஆசை. வெட்ட வந்தவங்களுக்கு அவளே கஞ்சி ஊத்துனாளாம். அவ கையாலயே ஊத்துனா.

உச்சிப்பொழுதுக்கு மரம் சாஞ்சிச்சு, சட்டமா பொளந்தாச்சு. அப்பால கடல் பக்கத்துலேர்ந்து காத்து ஏறிச்சு, சாரல் புடிச்சிச்சு. கரையே மங்கலாப் போச்சு. மூணு கட்டுமரம் இன்னும் கடல்ல. அந்த நேரம் பார்த்து நாகூரான் மாமா தடி ஊனிகினு வந்தாரு. ஒத்தக் கண்ணு போனதால கடலுக்குப் போறதை வுட்டவரு.

"தேசம்மா, பனை எங்க?"

"வெட்டியாச்சு மாமா. கூரைக்கு."

அவரு அப்படியே மணல்ல ஒக்காந்துட்டாராம். "அதைப் பார்த்துதான்டி வருவானுங்க. பனையும் பின்னால கோயில் கோபுரமும் ஒண்ணா நிக்கணும். அந்த நேருல வந்தாத்தான் தண்ணிக்குள்ள கெடக்கிற பாறைக்கு நடுவுல வழி."

"என் கிட்ட யாரும் சொல்லலியே மாமா."

"சொல்ல மாட்டோம்" அப்படின்னாரு. வேற என்ன சொல்லுவாரு?

வடக்கால பங்களாத் தோட்டத்துல இன்னொரு பனை இருந்திச்சு. முன்னால வந்த கட்டுமரம் அதையே நம்ம பனைன்னு நெனைச்சு அந்தப் பக்கம் திரும்பிச்சு. ஒட்டுப் போட்ட பாயி. கோதண்டன் மரம்தான், சந்தேகமே இல்ல.

தேசம்மா குடிசைக்குள்ள ஓடுனா. செவப்புக் கூறைப்பொடவையை எடுத்தாந்தா. நீளமா ஒரு பனஞ்சட்டத்து நுனியில கட்டுனா. ஆறு பொம்பளைங்க சேர்ந்து, பனை நின்ன எடத்துல தூக்கிப் புடிச்சாங்க. "இங்க பாரு, இங்க பாரு"ன்னு கத்துனா. வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. அன்னிக்கு அந்த வாய் எதுக்கும் ஒதவல. காத்து அவ கத்துனதை அவ மூஞ்சியிலயே திருப்பி அடிச்சிச்சு.

பின்னால வந்த ரெண்டு மரம் செவப்பைப் பார்த்துத் திரும்பிச்சு. முன்னால வந்ததுக்குத் திரும்ப எடம் இல்ல. பாறை மேல ஏறி, கட்டு அவுந்து, மரம் தனித்தனியாப் போயிடிச்சு. எல்லாம் கண்ணெதிர்ல. ஆறு பேரும் சட்டத்தைப் புடிச்சிகினு பார்த்துகினே நின்னாங்க. கையை எடுத்தா மத்த ரெண்டு மரமும் போயிடும். அவளால என்ன பண்ண முடியும், சொல்லுங்க.

கோதண்டன் கூடப் போயிருந்த தம்பி வேலாயுதம் ஒரு கட்டையைப் புடிச்சிகினு கரை சேர்ந்தான். மத்த ரெண்டு மரமும் வந்திடிச்சு. பொழுது சாஞ்சிச்சு. பொம்பளைங்க கையெல்லாம் தோல் உரிஞ்சு ரத்தம்.

"போதும்டி, எறக்கு"ன்னாரு நாகூரான்.

"எல்லாரும் கரை ஏறியாச்சா?"ன்னு கேட்டாளாம் அவ.

வேலாயுதம்தான் அழுதுகினே சொன்னான். "ஒருத்தர் பாக்கி அண்ணி."

"அப்போ நிக்கட்டும்."

அன்னிக்கு நட்டதுதான் நீங்க கேக்குற கம்பம். பனஞ்சட்டம் உளுத்து, சவுக்கு வந்து, இப்போ இரும்புக் கொழாய். இந்தக் குப்பத்துக்கு மருமவ வந்தா வெளக்கு ஏத்தறதுக்கு முன்னால இங்கதான் கூட்டியாருவோம். கடல்ல எதைப் பார்த்து வருவேன்னு புருசன்காரன் அவன் வாயால அவளுக்குச் சொல்லணும். வருசா வருசம் செவப்புத் துணி மாத்துவோம். பழசை அவுக்கிறதுக்கு முன்னாலயே புதுசைக் கட்டிடுவோம். "எல்லாரும் கரை ஏறியாச்சா?"ன்னு ஒரு பெரியவர் கேப்பாரு. "ஒருத்தர் பாக்கி"ன்னு பொம்பளைங்க சொல்லுவோம்.

போன மாசம் ரோடை அகலமாக்க ஒரு ஆபீசர் வந்தாரு. கம்பம் நடுவுல நிக்குது, எப்போ எடுப்பீங்கன்னாரு. மீன் அரிஞ்சிகினு இருந்த நம்ம சம்பூரணம் தலையக் கூட நிமுத்தல.

"ஒருத்தர் பாக்கி சார். வந்ததும் எடுத்துடறோம்."