முதுகு மட்டும் தெரிகிறவன்

கயிறு கட்டுகிறவன் காலையில் குறைவாகத்தான் சாப்பிட வேண்டும், ஐயா. வயிறு கனத்தால் கை மந்தமாகிவிடும். அன்றைக்கும் அரை வயிற்றோடுதான் போனேன். கை தவறிவிட்டது என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

பத்தொன்பது வருஷமாகச் சண்டைக் காட்சிகளுக்குக் கயிறு கட்டுகிறேன். அந்த உளவாளிப் படத்தின் முதல் பாகத்துக்கும் நான்தான். அதில் குண்டு வைக்கிறவன் எல்லாம் எங்கள் ஆட்கள். எங்கள் தாடி, எங்கள் வீட்டுப் பேச்சு. ஹீரோ சுடச் சுடத் தியேட்டரில் விசில். படம் ஓடிய மாதம் என் மகளின் பையை வகுப்பிலேயே கொட்டிச் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்பது வயது. கொட்டியது டீச்சர். உள்ளே ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும் பாதி பிஸ்கட்டும் இருந்தன.

இரண்டாம் பாகம் தொடங்குமுன், இதிலும் எங்கள் ஆட்கள்தான் வில்லனா என்று டைரக்டரிடம் கேட்டேன். "இந்தத் தடவை உங்காளு ஒருத்தர நல்லவரா வச்சிருக்கேன். வாத்தியார் கேரக்டர். போதுமா?" என்றார். போதும் என்று கும்பிட்டேன், மடையன். கடைசி நாளில் காட்சியை மாற்றினார்கள். வாத்தியார்தான் குண்டு செய்கிறவராம். ஹீரோ அவரை மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டு, பின்னாலேயே கயிற்றில் குதிக்க வேண்டும். "இதுதான் ட்விஸ்ட்டே" என்று டைரக்டர் என் தோளில் தட்டினார். நானும் சிரித்து வைத்தேன்.

குதிப்பது ஹீரோ இல்லை. முகம்தான் அவருடையது, முதுகு டூப்புடையது. டூப் என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்தேன். படத்தில் எங்கள் ஆட்களை அடித்த கையும் உதைத்த காலும் அவனுடையவை. "நம்மாளையே தள்ளுறியே, கூசலையாடா?" என்றேன்.

"என் முதுகு மட்டுந்தானே மச்சான் தெரியும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

கொக்கியைப் பூட்டியவன் மூன்று முறை இழுத்துப் பார்த்து, குதிக்கிறவன் முதுகில் தட்ட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். தட்டினால் அவன் திரும்பிப் பார்க்காமல் குதிப்பான். நான் மூன்று முறை இழுத்தேன், அவன் சட்டையை. கொக்கியைப் பூட்டவில்லை. முதுகில் தட்டினேன். ஆறு மாடி.

படம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தொடக்கத்தில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டுக் காட்டப் போகிறார்களாம். டைரக்டரும் ஹீரோவும் அன்று எனக்கு நாலடி தள்ளித்தான், மாடியின் விளிம்பிலேயே நின்று டீ குடித்தார்கள். அவர்கள் மேல் கை வைக்கத் தோன்றவில்லை. பெரிய மனிதர்கள்.

பையைக் கொட்டிய மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் சண்டை போட்டவன் அவன்தான். எனக்கு ஷூட்டிங் இருந்தது. இப்போது மகள், "மாமா எங்கே?" என்று கேட்கிறாளாம். அவளுக்காகத்தான் செய்தேன் என்று நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள், ஐயா.