வான் தள்ளுற பிள்ளை

வேண்டாம் தம்பி, நீர் கை குடுக்கத் தேவையில்லை. வான் பழுதில்லை. டீசலும் கிடக்கு, பற்றறியும் புதுசு. திறப்பைத் திருப்பினால் உடன ஸ்ராட் வரும், போட்டுக் காட்டவோ? சரி, விடும். உம்மட செக்கியூரிற்றிக் கமராவில பாத்திருப்பீர், ஒரு பொம்பிளைப்பிள்ளை பின்னால நிண்டு முக்கி முக்கி வானைத் தள்ள, தடிமாடு மாதிரி ஒரு கிழவன் முன்னால ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கிறான் எண்டு. அதுதானே ஓடி வந்தனீர்? உம்மட இடத்தில நானெண்டாலும் வந்திருப்பன். வந்து, அந்தக் கிழவனுக்கு ரெண்டு குடுத்துமிருப்பன்.

அது என்ர மகள். மரினா. அந்தா, கேற்றடியில குனிஞ்சு நிமிந்துகொண்டு நிக்கிறாள். காதுக்குள்ள பாட்டு, நாங்கள் கதைக்கிறது கேளாது. அனுமதியோ? எல்லாம் கேட்டாச்சு. உங்கட மனேச்சர் குலசேகரம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டினாப்பிறகெண்டால் கார் பார்க்கில என்னத்தையும் செய்யுங்கோ எண்டவர். நான் கிறிஸ்துராஜா. விடிய இஞ்சதான் மரக்கறி இறக்கிறனான். நீர் பின்னேர ஷிப்ட், அதுதான் என்னைத் தெரியேல்லை.

ஏன் தள்ளுறாளோ? அப்பிடிக் கேளும். நானும் சித்திரையில இருந்து அதைத்தான் கேக்கிறன். ட்ரெயினிங்காம். பொப்ஸ்லே எண்டு ஒரு கண்டறியாத விளையாட்டு. தெரியாதோ? புண்ணியம் செய்தனீர். மலையில இருந்து கீழ மட்டும் ஐஸால ஒரு வாய்க்கால் கட்டி வைச்சிருப்பாங்கள். அதுக்குள்ள ஒரு மீன்பெட்டி மாதிரிச் சாமான். அதை ஓடி ஓடித் தள்ளிப்போட்டு, பாஞ்சு உள்ளுக்க ஏறி, தலையைக் கவிட்டுக்கொண்டு போறது. முன்னால ஒரு வெள்ளைக்காரப் பெட்டை இருந்து திருப்புறாள். என்ர மகாராணி பின்னால. தள்ளுறதுதான் உத்தியோகம். யூனிவேர்சிற்றி மட்டும் படிச்சு, பாமசிஸ்ற் எண்டு பேரெடுத்து, கடைசியில பெட்டி தள்ளுறாள். ஊரில, பேசாலையில, எங்கட ஆக்களும் தோணி தள்ளினவைதான். அதில மீன் வந்தது. இதில என்ன வருது?

என்ர கதையைச் சொன்னால் நீர் இன்னும் சிரிப்பீர். நான் முதல் சுவிசில இருந்தனான். மலையடிவாரத்தில ஒரு ஹோட்டல், குசினியில கோப்பை கழுவினது. விடிய எழும்பினால் முதல் வேலை வாசலில ஸ்நோ அள்ளுறது. அள்ளி முடிய விரல் இருக்கோ இல்லையோ எண்டு எண்ணிப் பாக்கவேணும். உந்தச் சனியனே வேண்டாம் எண்டுதான் மனிசியையும் கைக்குழந்தையையும் இழுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தன். இஞ்ச ஹவுன்ஸ்லோவில விழுந்தாலும் மத்தியானத்துக்குள்ள சேறாப்போயிடும், கரைச்சலில்லை. நான் எதுக்குப் பயந்து ஓடி வந்தனோ, அந்தக் கைக்குழந்தை இப்ப ரிக்கற் போட்டு அதைத் தேடிக்கொண்டு போகுது.

பொறும், உந்தப் பிளேன் போகட்டும்.

ஓம், இப்ப ஐஸ் எங்க எண்டுதானே கேட்டனீர்? அதுதான் பகிடி. குளிருக்க விளையாடுற விளையாட்டுக்கு வெய்யிலுக்கதான் உடம்பைச் செய்யவேணுமாம். பாரும், தார் இளகிச் செருப்பில ஒட்டுது. ஊர்ப்பட்ட சனம் பார்க்கில இருந்து ஐஸ்கிறீம் குடிக்குது. உவள் இந்த முனையில இருந்து கேற் மட்டும் வான் தள்ளுவாள். நான் எஞ்சினைப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுவன். உவள் நடந்து வந்து பேந்தும் தள்ளுவாள். நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை.

சாப்பாட்டைக் கேளாதையும். மற்றப் பெட்டையள் மெலியவேணும் எண்டு பட்டினி கிடக்குதுகள், உவளுக்கு நிறை கூடவேணுமாம். கிளறிற்றா, என்ர மனிசி, முட்டை அவிச்சு அவிச்சு வீடே மணக்குது. சாறிச் சட்டை தைக்கிற சுசிலா வந்து தோளுக்கு அளவெடுத்தவ. எடுத்துப்போட்டு, நாடாவைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறா, நாடா பிழையாக்கும் எண்டு. பூசை முடிஞ்சு வெளியால வந்தால் ஒரு மனிசி என்னட்டையே கேக்குது, பிள்ளைக்கு தைரொயிட்டோ எண்டு. ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். பொப்ஸ்லே எண்டு சொல்லி விளங்கப்படுத்துறதிலயும் பாக்க வருத்தமெண்டு சொல்லுறது லேசு.

விரும்பின பிள்ளையை விடுங்கோவன் எண்டோ? ஓ, நீரும் அந்தப் பக்கமோ. லேசாச் சொல்லிப்போடுவீர். நீர் தகப்பனில்லைத்தானே.

தை மாசம் பெட்டி பிரண்டது. அங்க எங்கயோ ஒஸ்ரியாப் பக்கம். பிரண்டு, உவளை உள்ளுக்க வைச்சபடியே தலைகீழாக் கீழ மட்டும் இழுத்துக்கொண்டு போயிருக்கு. அவளின்ர சிநேகிதி ஒருத்தி எனக்கு வீடியோ அனுப்பினாள், பயப்பிடாதேங்கோ அங்கிள் எண்டு எழுதி. நான் பெற்றோல் ஷெட்டில வானை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தன். பெட்டி நிண்டுபோச்சு, உவள் எழும்பேல்லை. பின்னால நிண்டவன் ஹோர்ன் அடிக்கிறான், எனக்குக் கேக்கேல்லை. பேந்துதான் ஒரு கை அசைஞ்சது. ஐஸும் சுடும் எண்டு அதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டை வந்து தோளைக் காட்டினாள், தோல் முழுக்க உரிஞ்சுபோய்க் கிடந்தது. மனிசிக்கு இண்டைவரைக்கும் நான் அந்த வீடியோவைக் காட்டேல்லை. எனக்குப் பயம் தம்பி. விளையாட்டுப் பிடிக்கேல்லை, ஸ்நோ பிடிக்கேல்லை எண்டுறதெல்லாம் சும்மா. பயம்.

மறிக்கிறதோ? உவளையோ? மறிச்சால் ரெண்டு மடங்காப் போவாள். கொக்குக்கு ஒண்டே மதி. வாற சனிக்கிழமைதான் செலக்சன். சில்லுப் பூட்டின பெட்டியொண்டைத் தண்டவாளத்தில தள்ளிக் காட்டவேணும், கெதியாத் தள்ளுறவள்தான் விண்டருக்கு ரீமில. எடுபடாட்டில் எல்லாத்தையும் விட்டிட்டு முழுநேரமாப் பாமசிக்குப் போறன் எண்டு அந்தோனியார் மேல எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். சொன்னால் செய்வாள். அந்த ஒரு சத்தியத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் இஞ்ச ஞாயிறு ஞாயிறா வந்து குந்தியிருக்கிறன்.

காலோ? முழங்காலைத் தடவுறதைக் கண்டிட்டீரோ. ஒண்டுமில்லை, உளையுது. எஞ்சின் நிப்பாட்டின வானில பிரேக்கை அமத்திக்கொண்டு இருந்து பாரும், பெடல் கல்லு மாதிரி. ஓம், பிரேக்தான். ஏன் முழிக்கிறீர்? முழுக்க அமத்தினால் வான் அசையாது, கள்ளி கண்டுபிடிச்சிடுவாள். அரைவாசிதான். முதல் நாளில இருந்தே அப்பிடித்தான். களைச்சு விழுந்து, என்னால ஏலாது அப்பா எண்டு தானா விட்டிடுவாள் எண்டு பாத்தன். விட்டாளோ? சித்திரையில அந்த ட்ரொலிக் கொட்டில் மட்டும்தான் போனது. நான் கொஞ்சம் கூட அமத்த, உவள் கொஞ்சம் கூடத் தள்ள, இப்ப கேற் மட்டும் போகுது. கடைசியில எனக்குத்தான் கால் போச்சு.

ஏன் சிரிக்கிறீர்? என்ன லைற்? பின்னால பிரேக் லைற்றோ? கமராவிலயோ? இல்லைத் தம்பி, எஞ்சின்தான் நிப்பாட்டியிருக்கே. நிப்பாட்டினாலும் எரியுமோ? வான் ஓடுறவனுக்குப் பின்பக்கம் என்ன தெரியும். பொறும், நான் அமத்துறன், பின்னால போய்ப் பாத்துச் சொல்லும். எரியுதோ? ரெண்டும்?

மாதாவே.

உவள் ரெண்டு லைற்றுக்கும் நடுவிலதானே முகத்தை வைச்சுக்கொண்டு தள்ளுறாள்.

இல்லை, இல்லை. தெரிஞ்சிருந்தால் கேட்டிருப்பாளே. உவளின்ர வாய்க்குக் கேளாமல் விடுவாளோ? ஆனால் தம்பி, வைகாசியில ஒரு நாள் இதே இடத்தில என்னட்டை வந்து, அப்பா, இடப்பக்கம் பிரேக் லைற் எரியேல்லை, பொலிஸ் மறிக்கப்போறான் எண்டாள். அடுத்த நாள் தானே பல்ப் வாங்கிக்கொண்டு வந்து பூட்டினவள். நானும் கெட்டிக்காரி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். பிரேக்கில காலை வைச்சாத்தானே அந்த லைற் எரியுதோ இல்லையோ எண்டு தெரியும். அந்த விசர்க் கேள்வி அண்டைக்கு எனக்கு வரேல்லைத் தம்பி. பல்பையும் மாத்திப்போட்டு, ஒரு சொல்லுச் சொல்லாமல், கோடை முழுக்க அந்தச் சிவப்பைப் பாத்துப் பாத்துத் தள்ளியிருக்கிறாள்.

வாறாள். நீர் ஒண்டும் தெரியாத மாதிரி நில்லும். ஓம் பிள்ளை, ரெடி! செக்கியூரிற்றித் தம்பி சும்மா கதைக்க வந்தவர்!

என்ன, இனியெண்டாலும் காலை எடுக்கட்டோ எண்டோ கேக்கிறீர்? உமக்கென்ன விசரோ? சனிக்கிழமை பிள்ளைக்குச் சோதினை. தள்ளி நில்லும். இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் அமத்தப்போறன்.